விற்பனைக்கு அல்லாத வீட்டை வாங்கியவர்

"இறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, லாரி டிரைவர் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

லாரியின் மேல் லடிப்போவின் முப்பத்து நான்கு வருட வாடகை வாழ்க்கை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டில், நான்கு நாற்காலி, ஏழு அலுமினியக் குண்டான், கதவைக் கயிற்றால் கட்டிய ஃபிரிட்ஜ், உச்சியில் அவர் மனைவி மோரேனிகே.

"ஏம்ப்பா, பேசித்தானே கூட்டிட்டு வந்தேன்?"

"பேசினது சரி அய்யா. சுவத்தைப் பாருங்க."

பார்க்காமல் இருக்க வழியில்லை. முன்சுவர் முழுக்க ஆளுயரச் சிவப்பு எழுத்து. இபாடான் நகரத்தின் ஏழு குன்றுகளில் எதன் மேல் நின்றாலும் கண்ணாடி போடாமல் படிக்கலாம்:

இந்த வீடு விற்பனைக்கு அல்ல.

அதற்குக் கீழே 'ஏமாறாதீர்கள்' என்று ஓர் எச்சரிக்கை. மூலையில், ஏன் என்று யாருக்கும் தெரியாமல், ஒரு சின்னச் சேவல்.

"அதுவா? பழைய எழுத்துப்பா" என்றார் லடிப்போ. "இந்த ஊர்ல யார் வீட்டுல அது இல்லை? சொந்தக்காரன் சந்தைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எவனாவது வீட்டை வித்துடறான். அதனால எழுதி வைக்கிறாங்க. நான் நிஜமாவே வாங்கிட்டேன். பத்திரம் பாரு."

"பத்திரம் எல்லார்கிட்டயும் இருக்கு அய்யா. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர் பத்திரத்தை ஆட்டினாரு. பாதி சாமான் இறக்கினப்போ நிஜ வீட்டுக்காரன் வெட்டுக்கத்தியோட வந்தான். இறக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. திருப்பி ஏத்த நாலு நிமிஷம்!"

மோரேனிகே மேலிருந்து குனிந்தாள். "தம்பி, நீ இறக்க வேண்டாம். கண்ணை மூடிக்கோ. நாங்க இறக்கிக்கறோம். நாளைக்கு யார் கேட்டாலும் நீ எதையும் பாக்கலை."

நியாயமான டிரைவர். இரண்டு மணி நேரமும் கண்ணைத் திறக்கவே இல்லை. நடுவில் அவள் கொடுத்த அக்காரா வடையைக்கூடத் தடவித்தான் தின்றான்.

கடைசிக் குண்டான் இறங்கியபோது பக்கத்து வீட்டிலிருந்து முதலில் ஒரு தொப்பி வந்தது, பிறகு ஒரு கைத்தடி, அதன் பிறகு அல்ஹாஜி ஒயெகான்மி. அந்தத் தெருவின் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத் தலைவர். வயது எண்பதைத் தாண்டி நாளாகிவிட்டது. அவருடைய வீட்டை அவருக்கே தெரியாமல் மூன்று முறை விற்றிருக்கிறார்கள். மூன்றாவது முறை வாங்கியவர், அல்ஹாஜியை வாடகைக்காரர் என்று நினைத்து ஒரு மாத அவகாசத்தில் காலி பண்ணச் சொன்னார்.

லடிப்போ வெட்டின மரம் மாதிரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பெரியவர் எழுந்திரு என்று சொல்லும்வரை எழக்கூடாது. அல்ஹாஜி அவசரப்படவில்லை. சுவரை ஒரு தடவை முழுக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"எழுந்திரு. சனிக்கிழமை குடிபுகு விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கே. சங்க நோட்டுல உன் பேரைச் சொந்தக்காரன்னு எழுதணும், அதானே?"

"அதுதான் அல்ஹாஜி, என் உசிரே அதுலதான் இருக்கு."

பொய்யில்லை. தபால் ஆபீசில் கடிதம் பிரித்துக்கொண்டே பதினோரு வீட்டுக்காரர்களிடம் வாடகைக்கு இருந்தவர் அவர். ஒருவர் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார். ஒருவர் விருந்தாளிகளின் செருப்பை எண்ணினார். ஒருவர் லடிப்போ இருமும்போதெல்லாம் சுவர் அதிர்கிறது என்று சண்டைக்கு வந்தார். ஒரே ஒரு நாளாவது தெருவில் நடக்கும்போது யாராவது 'வீட்டுக்கார அய்யா' என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் இந்தக் கிழட்டு வீட்டில் போட்டிருந்தார்.

"சுவத்துல எழுத்து இருக்கற வரைக்கும் வீடு விக்கலைன்னு அர்த்தம்" என்றார் அல்ஹாஜி. "விக்காத வீட்டுக்கு நீ எப்படிச் சொந்தக்காரன்? சனிக்கிழமைக்குள்ள அழி. இல்லேன்னா நோட்டுல வாடகைக்காரங்க பக்கத்துலதான் எழுதுவேன்."

"நல்ல பெயிண்டரா ஒருத்தரைக் கூப்பிட்டு..."

"கூப்பிடாதே! இந்த ஊர்த் தொழிலாளி எவனையும் நம்பாதே. தச்சன் எனக்குச் செஞ்ச நாற்காலிக்கு மூணு கால். நான் ஹஜ்ஜுக்குப் போன வருஷம் பெயிண்டர் ஒருத்தனுக்குப் பணம் குடுத்துட்டுப் போனேன், வந்து பாத்தா ஒரு கோடு இழுக்கலை. தையல்காரன் தச்ச அங்கியில கழுத்தையே காணோம். கிணறு வெட்ட இறங்கினவன் இன்னும் மேல வரலைன்னு நெனைக்கிறேன்."

ஆகவே லடிப்போவே தூரிகையைத் தூக்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு டப்பா வெளிர்மஞ்சள் பெயிண்ட் வாங்கி, எழுத்தின் மேல் அடித்தார். மத்தியானத்துக்குள் சுவர் புதுப் பெண் மாதிரி ஆனது. சாயங்காலம் மழை பெய்தது. புதன்கிழமை காலை முதலில் சேவல் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் எழுத்துகள் ஒவ்வொன்றாக, இளஞ்சிவப்பாக, முன்பைவிடக் கொழுத்து வெளியே வந்தன. இத்தனை நாள் கோபமாகச் சொன்னதை இப்போது வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லின.

"டயோ அப்பா" என்றாள் மோரேனிகே. டயோ என்பது லாகோஸில் வேலை பார்க்கும் மகன். "பெயிண்டை அதுக்கு ஊட்டிவிட்டீங்களா?"

"ரெண்டாவது கோட்டிங் அடிச்சா போயிடும்."

நிழல் வலது பக்கம் இருந்ததால் அங்கிருந்து ஆரம்பித்தார். கடைசிச் சொல்லின் மேல் நாலு தடவை தடிமனாக அடித்தார். 'அல்ல' அடையாளமே இல்லாமல் மறைந்தது. டப்பாவும் காலியானது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்தியாகக் குளிக்கப் போனார்.

வியாழக்கிழமை காலை வாசலில் பேச்சுக்குரல். மோரேனிகே உற்சாகமாகச் சமையலறைக்கு ஓடிவந்தாள்.

"சங்கத்துக்காரங்க விருந்துக்கு முன்னாடியே பாக்க வந்துட்டாங்க! பதினாலு பேர். எவ்வளவு மரியாதை! ஒருத்தர் கால்ல விழுந்தாரு. வேகவச்ச மொய்ன்-மொய்ன் பயறு இட்லி எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டேன்."

லடிப்போ வெளியே வந்தார். ஒருவர் ஜன்னலை டேப்பால் அளந்துகொண்டிருந்தார். கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று, தொட்டிலை எந்த மூலையில் போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வாயில் மொய்ன்-மொய்னோடு ஒரு புரோக்கர் அவர் தோளில் கை போட்டார்.

"அய்யா, சாப்பாடும் போட்டு வீட்டைக் காட்டுற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். கடைசி விலை சொல்லுங்க."

"என்ன விலை?"

புரோக்கர் சுவரைக் காட்டினார்.

இந்த வீடு விற்பனைக்கு.

அந்தப் பதினாலு பேரை வெளியேற்றப் பத்து மணி ஆனது. ஜோடியில் பெண் அழுதாள், அவளுக்குச் சமையலறை பிடித்துப்போயிருந்தது. இனி ஒருவரும் வரக்கூடாது என்று லடிப்போ கரித்துண்டை எடுத்து, போன சொல்லைத் தன் கையாலேயே, கறுப்பாக, பெரிதாக எழுதினார்: அல்ல.

பதினொரு மணிக்கு அலாகே வந்து இறங்கினாள்.

வீட்டை விற்ற குடும்பத்தின் மூத்த மகள் அலாகே. துணிக்கடைக்காரி. செத்துப்போன அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். இவள் மூத்தவளின் மகள், பஷிரு இளையவளின் மகன். இருவரும் பதினேழு வருடம் பேசாமல் இருந்து, போன மாதம்தான் ஒரு வக்கீல் அறைக்குள் போட்டுப் பூட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

"அந்தப் பய மறுபடியும் எழுதிட்டான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "அப்பா செத்த வருஷம் வீட்டை வித்துடலாம்னு நான் ஆள் பாத்துட்டு வர்றேன், சுவத்துல இது இருக்கு. பஷிருதான் எழுதினான். அதை என்மேல போட்டான் பாருங்க, நான்தான் எழுதினேன்னு! அதுக்கப்புறம் பதினேழு வருஷம் ஒரு ஈ காக்காகூட விலை கேக்கலை. அதனாலதானே உங்களுக்கு இவ்வளவு சல்லிசாக் குடுத்தோம்?"

"அம்மா, அந்தக் கறுப்பு எழுத்து மட்டும் நான் எழுதினது."

"அவனைக் காப்பாத்தாதீங்க அய்யா, உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். சனிக்கிழமை அவனை இழுத்துட்டு வர்றேன். எல்லார் முன்னாடியும் அவன்தான் எழுதினான்னு ஒத்துக்கணும். இல்லேன்னா என் கையெழுத்தை நான் வாபஸ் வாங்கறேன்!"

வெள்ளிக்கிழமை லடிப்போ நிதானமாக யோசித்தார். பெயிண்ட் சரிப்படாது. எழுத்து பூச்சில் இருக்கிறது, பூச்சையே பெயர்த்துவிட்டால்? சுத்தியலையும் உளியையும் எடுத்தார்.

அது மண் செங்கல் வீடு. அறுபது வருடமாக ஒருவரும் அதை அடித்ததில்லை, அதற்கும் அடி வாங்கிப் பழக்கமில்லை. மூன்றாவது அடியில் ஒரு பெரிய பாளம் உள்ளே விழுந்தது. ஓட்டை வழியாகச் சமையலறை தெரிந்தது. அடுப்பு தெரிந்தது. கையில் கரண்டியோடு மோரேனிகே தெரிந்தாள்.

"டயோ அப்பா, என்னைப் பாக்கணும்னா கதவு வழியா வரலாமே."

"எழுத்தை அழிக்கிறேன்."

"எழுத்து அப்படியே இருக்கு. வீடுதான் அழியுது. போதும், கீழ வைங்க. எங்க அக்கா கடைக்கு போர்டு எழுதற கிழவர் ஒருத்தர் இருக்காரு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். ரெண்டே மணி நேரத்துல முடிச்சுடுவாராம்."

"அல்ஹாஜி தொழிலாளிகளைக் கூப்பிடக் கூடாதுன்னாரே?"

"அல்ஹாஜி வீட்டுச் சுவத்துல ஓட்டை இல்லை."

லடிப்போ சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். இரண்டு வீடுகளையும் ஒரே மேஸ்திரி ஒரே அச்சில் கட்டியிருந்தார். அதே மாடி, அதே பச்சை ஜன்னல், அதே துருப்பிடித்த கூரை. லடிப்போ கூடத்து சுவிட்சைத் தட்டினால் அல்ஹாஜி வீட்டு மாடிப்படி விளக்குதான் எரியும். ஆனால் அந்த வீடு மட்டும் சுத்தமான சுவரோடு நின்றது.

சனிக்கிழமை. ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. போர்டு கிழவரைக் காணவில்லை. விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். மோரேனிகே தன் கல்யாண லேஸ் துணி பன்னிரண்டு கஜத்தையும் எடுத்துச் சுவரின் மேல் தொங்கவிட்டாள். 'என்ன அலங்காரம்!' என்று எல்லாரும் வியந்தார்கள்.

அல்ஹாஜி நோட்டோடு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அலாகே, மறுபக்கம் பஷிரு, இருவருக்கும் நடுவில் இரண்டு விரோதிகள் உட்காரும் அளவுக்கு இடம். அல்ஹாஜி பேனா மூடியைத் திறந்தார்.

"லடிப்போ, எழுத்து போயிடுச்சா?"

"கண்ணுக்குத் தெரியாது அல்ஹாஜி."

காற்று அப்போதுதான் அடிக்க வேண்டுமா? பன்னிரண்டு கஜமும் கொடிமரத்துத் துணியாக எழும்பியது. இளஞ்சிவப்பில் நாலு சொல், கரியில் ஒரு சொல், நடுவில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் கொதிக்கும் ஆட்டுக்கறி.

லடிப்போ பழக்க தோஷத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"பாத்தீங்களா!" என்று அலாகே எழுந்தாள். "ஒத்துக்கடா பஷிரு!"

"நீ எழுதிட்டு என்னை ஒத்துக்கச் சொல்றியா? எங்கம்மா செத்தப்பகூட நீதான் எழுதினேன்னு சொல்லிட்டுத்தான் செத்தாங்க!"

அல்ஹாஜி பெருமூச்சு விட்டு நோட்டின் பக்கங்களைத் திருப்பினார். 'வாடகைக்காரர்கள்' என்ற தலைப்பு வந்ததும் நின்றார். தரையில் கிடந்த லடிப்போவுக்கு அந்தத் தலைப்பு தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவும் அது வாடகைக்காரர்கள்தான்.

அந்த நேரம் பார்த்து, பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக ஒரு கிழவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"மன்னிக்கணும்மா, பஸ் கிடைக்கலை. எந்தச் சுவரு?" என்றவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். மெதுவாகப் போய் மூலையில் இருந்த சேவலைத் தடவினார். "அட, நான் போட்ட சேவல்! பதினேழு வருஷமாச்சு, கொண்டை அப்படியே இருக்கு பாருங்க."

அலாகே ஒரு பக்கம், பஷிரு ஒரு பக்கம், கிழவரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்கள்.

"யாரு எழுதச் சொன்னது?"

"இவளா?"

"இவனா? காட்டுங்க தாத்தா, பயப்படாதீங்க!"

கிழவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். பிறகு கூட்டத்தைத் துழாவிக்கொண்டே வந்த அவர் கண் நடு நாற்காலியில் நின்றது. முகம் மலர்ந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, லடிப்போவுக்குப் பக்கத்திலேயே அவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஹஜ்ஜுக்குப் போற அவசரத்துல, 'பச்சை ஜன்னல் வச்ச என் வீட்டுச் சுவத்துல பெருசா எழுதிடு'ன்னு பணத்தைக் குடுத்துட்டு விமானத்துக்கு ஓடினீங்களே அல்ஹாஜி, என்ன இது, இப்ப நீங்களே இந்த வீட்டை வித்துட்டீங்களா?"