ஆயிரம் பேர் முன்னால்

இது நடந்தது தொண்ணூற்று நாலிலா, தொண்ணூற்று ஐந்திலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தில் இருந்தது புளிசாதமா, தக்காளி சாதமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மற்றதெல்லாம் ஓரளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். மருதமலை சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பட்டமளிப்பு விழாவுக்கு நாற்காலி போடும் பொறுப்பு என்னுடையது. மேடைப் பொறுப்பு தமிழ்த்துறை கோவிந்தராஜுலுவுடையது. மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, முதல் ரேங்க் வாங்கிய கிளாடிஸ் தன் ஏற்புரையை எழுதிவந்து அவர் மேசைமேல் வைத்தாள். இரண்டாவது பத்தியில், 'என்னை மரணப் படுக்கையிலிருந்து எழுப்பிய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவுக்கு என் முதல் நன்றி' என்று இருந்தது.

கோவிந்தராஜுலு பேனாவை மூடினார்.

"இது வேண்டாமே, அம்மணி."

"வேணுமுங்க சார்."

"சீஃப் கெஸ்டா வர்றவர் யாருன்னு தெரியுமில்ல?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். சென்னையிலிருந்து டாக்டர் நெடுஞ்சேரன் வருகிறார். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். கடவுள் இல்லை என்று பத்திரிகையில் வாரம் தவறாமல் எழுதுகிறவர். எங்கோ ஒரு விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடியதற்கு மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார் என்று பேச்சு. எங்கள் கல்லூரிக்கு எம்.எஸ்ஸி. வகுப்பு கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவுக்கும் அவரே தலைவர். ஆகவே மேடையில் எந்தச் சாமியின் பெயரும் வரக்கூடாது என்று கல்லூரி முதல்வர் உத்தரவு போட்டிருந்தார்.

"ரெண்டாம் வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை முத்திப்போயி, ஆஸ்பத்திரில கைவிரிச்சுட்டாங்க சார். பொழைச்சா எம் பொண்ணு ஆயிரம் பேர் முன்னால சாட்சி சொல்லுவான்னு அம்மா கர்த்தர்கிட்ட வேண்டிப் பொருத்தனை பண்ணிட்டாங்க. அதுவரைக்கும் மத்தியானம் சாப்பிடறதில்லைன்னு இருக்காங்க."

"எத்தனை நாளா?"

"ஒண்ணரை வருஷமாச்சுங்க."

"உங்க சர்ச்சுலயே சொல்லியிருக்கலாமே?"

"போத்தனூர்ல எங்க சபைக்கு கிறிஸ்துமஸ் அன்னிக்கே நூத்தியிருபது பேர்தானுங்க வருவாங்க."

கோவிந்தராஜுலு பேனாவைத் திறந்து, 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்து'வை அடித்துவிட்டு 'இறைவன்' என்று எழுதினார்.

மறுநாள் காலையில் கிளாடிஸின் அம்மா கிருபாவதியே வந்துவிட்டார். ஒல்லியான பெண்மணி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சார், இந்த 'இறைவன்'ங்கிறது யாருங்க?"

"எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டுமேன்னு..."

"பொதுவா யாரும் எம் பொண்ணைக் காப்பாத்தலைங்களே."

கோவிந்தராஜுலு யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார். மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மூன்று மணிக்குப் பழனியாத்தாள் வந்தார். இரண்டாம் ரேங்க் வாங்கிய லோகப்பிரியாவின் அம்மா. விழாவுக்கு அன்னூர் தோப்பிலிருந்து இளநீர் அனுப்புகிறவர்.

"ஏனுங்க சார், முதல் ரேங்க் புள்ளை அவிய சாமிக்கு நன்றி சொல்லுதாமா. எங்க லோகப்பிரியா பேசற வரவேற்புல மருதமலையானுக்கு ஒரு வரி சேத்துப்போடுங்க. பெருசா வேண்டாமுங்க."

"அம்மா, அந்தப் பொண்ணு சாமி பேரே சொல்லலைங்க. 'இறைவன்'னுதான் சொல்றா."

"அப்ப எங்குளுதையும் இறைவன்னே போட்டுக்குங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டான். ஆனா ரெண்டு தடவை வரோணும்."

கோவிந்தராஜுலு 'இறைவ'னையும் அடித்தார். 'இயற்கை' என்று எழுதி, அலுவலகத் தட்டச்சர் பீர் முகம்மதுவிடம் கொடுத்தார். பீர் முகம்மது இரண்டாவது முறையாக, பிரதி எடுக்கும் ஸ்டென்சில் தாளை மெஷினில் செருகினார். ஒரு வரி அடித்ததும் நிறுத்திவிட்டார்.

"சார், இயற்கைதான் காப்பாத்துச்சுங்கறீங்க."

"ஆமா."

"மஞ்சள் காமாலையை யாரு குடுத்தது?"

கோவிந்தராஜுலு தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கும் ஏதாவது சேர்க்கணுமா பாய்? இப்பவே சொல்லிடுங்க."

"எனக்கு எதுக்கு சார்? டப்பால இன்னும் ஒரே ஒரு ஸ்டென்சில்தான் இருக்கு. அதை நெனைச்சுப் பாத்து எழுதுங்க. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு கோவிந்தராஜுலு யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் அந்தப் பேசாமையே அவருக்கு வழியாகத் தோன்றியிருக்க வேண்டும். கடைசி ஸ்டென்சிலில் அந்த வரி இப்படி ஏறியது: 'என் நன்றியை ஒரு நிமிட மௌனத்தில் செலுத்துகிறேன்.'

அந்த ஒரு நிமிடத்தில் கிளாடிஸ் மனதுக்குள் யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். லோகப்பிரியாவும் நினைத்துக்கொள்ளலாம். முதல்வர் சம்மதித்தார். பழனியாத்தாள், "பாதி நிமிசம் எங்குளுது" என்று சொல்லிவிட்டுப் போனார். கிருபாவதி மட்டும் தலையாட்டவில்லை.

"கர்த்தருக்குக் கேக்குமுங்க. அந்த ஆயிரம் பேருக்குத் தெரியோணுமே? அதுதானுங்களே சாட்சி."

"தெரியும்மா. நீங்க அன்னிக்காவது சாப்பிடுங்க."

"பாத்துட்டுச் சொல்றனுங்க."

விழாவுக்கு முந்தின நாள் முதல்வர் மேடையில் ஏறி, சிறப்பு விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். உடனே எழுந்துவிட்டார். நேர் எதிரே மருதமலையும் கோயிலும் பளிச்சென்று தெரிந்தன.

"என்னங்க இது! முக்கால் மணி நேரம் அவர் இதையா பாத்துட்டு இருப்பாரு?"

கோவிந்தராஜுலு சாமியானாக்காரரிடம் சொல்லி அந்தப் பக்கம் ஒரு பச்சைத் துணி கட்டவைத்தார். மலை மறைந்தது. அப்படியே என்.சி.சி. பாண்டு பையன்களையும் கூப்பிட்டார். போன வருடம் விழா முடிந்து எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் இவர்கள் தேசிய கீதம் வாசிக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டம் மொத்தமா எந்திரிச்சு நின்னுச்சுன்னா ஆரம்பிச்சுடோணும். யாரையும் கேக்க வேண்டாம். யோசிக்கவும் வேண்டாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார்."

மறுநாள் டிரைவர் அப்புசாமி கல்லூரி அம்பாசிடரில் விருந்தினரை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்தார். நெடுஞ்சேரன் கையை வீசிக்கொண்டு இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவர் பேச்சை எழுதிவைத்துப் படிக்கிறவர். சாய்வு மேசை ஒன்று வேண்டும் என்று முன்பே கடிதம் போட்டிருந்தார். மேடையேறியதும் அந்த மேசையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் எவ்வளவு நேரம் பேசணும்?" என்று கோவிந்தராஜுலுவைக் கேட்டார்.

"முக்கால் மணி நேரமுங்க ஐயா. எல்லாரும் ஆவலா இருக்காங்க."

அவர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பச்சைத் துணியை விலக்கச் சொல்லுங்க. புழுக்கமா இருக்கு" என்றார்.

துணி விலகியது. மலை வந்தது. நெடுஞ்சேரன் கண்ணெடுக்காமல் அதையே பார்த்தார். முதல்வர் கோவிந்தராஜுலுவைப் பார்த்தார். கோவிந்தராஜுலு தரையைப் பார்த்தார்.

வரவேற்புரை, ஆண்டறிக்கை, பட்டங்கள் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கிளாடிஸ் மைக் முன்னால் வந்தாள். ஆயிரத்து நூறு நாற்காலியும் நிறைந்திருந்தன; நான்தான் போட்டவன், தெரியும். ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னாள். பெற்றோருக்குச் சொன்னாள். பிறகு, "என் நன்றியை ஒரு நிமிட மௌனத்தில் செலுத்துகிறேன்" என்று சொல்லித் தலைகுனிந்தாள்.

ஒரு நிமிட மௌனம் என்று மைக்கில் கேட்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள் என்பதைக் கோவிந்தராஜுலு யோசித்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அப்புறம் வரிசை வரிசையாக ஆயிரத்து நூறு பேரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று பின்னால் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"கரஸ்பாண்டெண்டா இருக்குமுங்க. ரொம்ப நாளா ஒடம்புக்கு முடியலையாம்."

"அவரு அதா, முன்னால நிக்கறாரே!"

"அப்ப தெரியலைங்க. நில்லுங்க, பாவம், யாரோ."

மேடையில் இருந்தவர்களும் எழுந்தார்கள். நெடுஞ்சேரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. கோபத்தை அடக்கிக்கொள்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றதைப் பாண்டு பையன்கள் பார்த்தார்கள். யாரையும் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை. தேசிய கீதத்தை முழுவதுமாக, மிக நன்றாக வாசித்தார்கள்.

தேசிய கீதம் முடிந்தால் விழா முடிந்தது. பொட்டலம் கொடுக்கும் இடத்தில் தொண்டர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கோவிந்தராஜுலு மைக்கைப் பிடித்து, "தயவுசெய்து உட்காருங்கள், இன்னும் சிறப்புரை இருக்கிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்தலில் நாற்காலிகளும் நானும் மட்டும் இருந்தோம்.

முதல்வருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயா மன்னிக்கோணும். பத்தே நிமிஷம் குடுத்தீங்கன்னா கூட்டத்தைத் திரும்பவும்..."

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" என்றார் நெடுஞ்சேரன். பிறகு கோவிந்தராஜுலுவின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். "இவ்வளவு நல்லா நடந்த விழாவை நான் பார்த்ததில்லை."

கிண்டல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எம்.எஸ்ஸி. போயிற்று என்று முதல்வர் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோவிந்தராஜுலு கிருபாவதியைத் தேடிப் போனார். அந்த அம்மாள் வேப்பமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஆயிரம் பேரும் எந்திரிச்சுத் தலை குனிஞ்சாங்களே சார். பாட்டும் வாசிச்சாங்க. நான் கேட்டது சாட்சி மட்டுந்தானுங்க."

அன்று மத்தியானம் அந்த அம்மாள் இரண்டு பொட்டலம் சாப்பிட்டார்.

பிறகு ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். கிளாடிஸ் மேட்டுப்பாளையத்தில் பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். லோகப்பிரியாவுக்கு அந்தத் தையிலேயே கல்யாணம் முடிந்தது. அதற்கும் அந்தப் பாதி நிமிடம்தான் காரணம் என்று பழனியாத்தாள் சொல்லிக்கொண்டிருந்தார். கோவிந்தராஜுலுவை விழாக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் நிம்மதியாக ஓய்வுபெற்றார். எம்.எஸ்ஸி. வகுப்பு அடுத்த ஜூனிலேயே வந்தது. ஏன் வந்தது என்று முதல்வருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நெடுஞ்சேரன் கடவுள் இல்லை என்று வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

டிரைவர் அப்புசாமி மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. ரிட்டயரான அன்று கேன்டீனில் டீ குடிக்கும்போதுதான் என்னிடம் சொன்னார்.

"எழுதிவெச்ச பேச்சைப் பையோட ரயில்லயே உட்டுப்போட்டு எறங்கிட்டாருங்க அந்த டாக்டரய்யா, 'இன்னிக்கு என்னைப் பேசாம தப்பிக்க உட்டீன்னா முடி குடுத்தர்றேன்'னு வண்டிக்குள்ள இருந்தே மலையைப் பாத்துக் கும்புட்டாரு, சாயங்காலம் மொட்டைக்குப் பூச சந்தனம் நாந்தானுங்க வாங்கியாந்து குடுத்தேன்."