சோறா, சீரியலா?

குழந்தை வளர்ப்பைப் பற்றி நிறையப் படித்த தாய்க்குத்தான் சாப்பிடாத குழந்தை பிறக்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மறுக்க நினைப்பவர்கள் தங்கள் வீட்டுக் கிண்ணத்தோடு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

நான் அனுப்பம்பட்டில் பிறந்து, பொன்னேரியில் படித்து, பி.எட். முடித்து, லைட்ஹவுஸ் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வேலைக்குப் போவதற்கு முன்பே ஊரில் எனக்கு 'டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். (படிப்புக்காக வைத்த பேர் என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்பதால் வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது.)

என் மகன் கவினுக்கு அப்போது ஒரு வயது. சோற்றைக் கண்டால் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வான். பொன்னேரி டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசத்துக்குள்ள எடை ஏறலன்னா அட்மிட் பண்ணித்தான் பாக்கணும். டிவி, செல்போன் காட்டி மட்டும் ஊட்டாதீங்க."

டாக்டர் சொன்னால் நான் மீறுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் டிவியின் மேல் பெட்ஷீட்டைப் போர்த்தினேன். என் கணவர் மாலை நேரங்களில் அந்தப் பெட்ஷீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மதியம் பக்கத்து வீட்டிலிருந்து அந்த இசை வந்தது. எந்த இசை என்று இந்தக் குப்பத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பல வருஷமாக ஓடும் சீரியலின் டைட்டில் மியூசிக். முதலில் ஒரு புல்லாங்குழல் தேம்பும். பிறகு வயலின்கள் எல்லாம் சேர்ந்து அழும். கடைசியில் பெண்கள் கூட்டமாக "ஆஆஆ" என்று இழுப்பார்கள். அந்த "ஆஆஆ"வுக்கு என் மகனும் வாயைத் திறந்தான். உள்நாக்கு தெரிந்தது. கையிலிருந்த பருப்புச் சாதத்தை உள்ளே வைத்தேன். விழுங்கினான்!

உடனே அந்த இசையைப் போனில் பதிவு செய்துகொண்டேன். மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. டாக்டரம்மா 'காட்டி' ஊட்டாதே என்றுதான் சொன்னார், 'கேட்க வைத்து' ஊட்டாதே என்று சொல்லவில்லை என்று அதற்கு விளக்கம் கொடுத்தேன். போனைக் கவிழ்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, அந்த மாதம் முழுக்க ஒரு "ஆஆஆ"வுக்கு ஒரு வாய் என்று ஓட்டினேன்.

எடை பார்க்கப் போவதற்கு முந்தின நாள் பயல் மக்கர் பண்ணினான். காலையில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அன்று கடல் காற்று வேறு, போனின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி, டியூப் மாட்டி, பக்கத்தில் நான் அழுதுகொண்டு நிற்பது வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் கணவரின் ஸ்பீக்கர் கண்ணில் பட்டது. கடலுக்குப் போகும்போது போட்டில் பாட்டுக் கேட்பதற்காக வாங்கியது. என்ஜின் சத்தத்தையும் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று தேடிப் பிடித்து வாங்கியது. அவர் கடலிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார்; என்ஜின் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர், எதற்கும் எழுந்திருக்க மாட்டார். காற்றோட்டத்துக்காகக் கவினை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஸ்பீக்கரை ஜன்னல் கட்டையில் வைத்து, சத்தத்தை முழுசாகத் திருப்பினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த சீரியலை இரவில் பார்ப்பதில்லை. இரவில் ரிமோட் ஆண்கள் கையில். மதியம் மறுபடி போடுவார்களே, அதுதான் அவர்களுடையது. கரையில் மீன் காயப்போட்டுக் காவல் இருப்பார்கள். யாரும் மணி பார்ப்பதில்லை. எந்த வீட்டிலிருந்தாவது அந்த இசை கேட்டால் மீன் மேல் பழைய வலையைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அன்று கரை முழுக்க நெத்திலி. அதற்கு முந்தின நாள் சீரியலில் கதாநாயகி கதவில் கை வைத்தபடி நின்றிருந்தாள். கதவுக்குப் பின்னால் அவள் புருஷன் யாரோடு இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று காலையிலிருந்து கரையில் ஒரே விவாதம்.

இந்த நிலையில், மணி பதினொன்றுகூட ஆகாதபோது, புல்லாங்குழல் தேம்பியது.

"ஐயோ, அதுக்குள்ள போட்டுட்டான்டி!" என்று யாரோ கத்தினார்களாம். வலையைப் போர்த்தக்கூட நிற்காமல் மொத்தக் கரையும் ஓடியது. இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. (பல முறை. பல பேரால்.)

உள்ளே நான் சொர்க்கத்தில் இருந்தேன். முதல் "ஆஆஆ"வுக்கே வாய் திறந்தது. மறுபடி போட்டேன். இன்னொரு வாய். திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு டிவியில் ஒருவர் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார். கஸ்தூரி அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, கேபிள்காரத் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

"இன்னாப்பா கேபிளு வுடுற? மியூசிக் வருது, படம் வரல. எவனோ கத்திரிக்கா வதக்கிக்கினு கீறான்."

"அக்கா, சீரியலுக்கு இன்னும் நேரம் இருக்குக்கா."

"அப்போ இது இன்னா? தோ, நீயே கேளு!" போனை வெளியே நீட்டிக் காட்டியிருக்கிறார். அவனுக்கும் தெளிவாகக் கேட்டதாம். "இன்னான்னு தெரியலியேக்கா, வந்து பாக்குறேன்" என்றானாம் பாவம்.

கிண்ணத்தில் கடைசி நாலு வாய் மிச்சம் இருந்தபோது கவின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். கரையில் காக்காய்கள். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவ்வளவு காக்காயை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. நடுவில் நாலைந்து நாய்கள், இரண்டு கொக்கு.

குழந்தைக்கு இயற்கையைக் காட்டி ஊட்டுவது நல்லது என்று படித்திருந்தேன்.

"தோ பாரு கண்ணு, காக்கா மம்மு சாப்புடுது! நாய் மம்மு சாப்புடுது! எல்லாரும் எப்டி சமத்தா சாப்புடுறாங்க பாரு! நீயும் ஆ காட்டு!"

கிண்ணம் காலி. வாழ்க்கையில் முதல் முறையாக வழித்து ஊட்டினேன். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கஸ்தூரி அண்ணி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாதி ஊர். அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு திரும்பிக் கரையைப் பார்த்தார்.

"இன்னாம்மே பண்ணிக்கினு கீற?"

"ஊட்டிட்டு இருந்தேன் அண்ணி."

"யாருக்கு? காக்காய்க்கா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர் ஊருக்கே ஊட்டிக்கினு இருந்துச்சு!" சிலர் சிரித்தார்கள். நெத்திலி போனவர்கள் சிரிக்கவில்லை. இவ்வளவுக்கும் ஸ்பீக்கர் இன்னும் "ஆஆஆ" என்று இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அதை அணைக்கத் தோன்றாமல் நான் நிற்க, கவின் அண்ணியைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்து காட்டினான்.

அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது. இனி மதிய சீரியல் நேரத்தில் கரைக் காவல் என்னுடையது. ஊர் உள்ளே உட்கார்ந்து பார்க்கும், நான் கம்போடு வெளியே காக்காய் விரட்ட வேண்டும்.

மறுநாள் அண்ணியும் எங்களோடு பொன்னேரிக்குக் கிளம்பினார். "நீங்க எதுக்கு அண்ணி?" என்றேன்.

"எங்க நெத்திலி போய்ச் சேர வேண்டிய எடத்துக்குத்தான் போய்ச் சேந்துச்சான்னு பாக்க வேணாமா?"

கவினைத் தராசில் உட்காரவைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நல்லா ஏறியிருக்கான். அட்மிஷன்லாம் வேணாம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "ஒரு கரை நெத்திலி டாக்டர்."

டாக்டரம்மா விழித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது ஒரு மாசமா ஏறுன எடைம்மா. நேத்து ஒரு வேளை சாப்பிடலன்னா ஒண்ணும் ஆகியிருக்காது."

அண்ணி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு பஸ்ஸில் வீடு வரைக்கும் வந்தேன்.

ஆனால் அந்தத் தண்டனைதான் எனக்கு வரமாக அமைந்தது. மதியம் கரையில் கம்பும் கிண்ணமுமாக உட்காருவேன். வரிசை வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்த இசை கிளம்பும். கவின் வாயைத் திறப்பான். ஊட்டிக்கொண்டே காக்காய் விரட்டக் கற்றுக்கொண்டேன். டைட்டில் முடிந்து இசை நின்ற பிறகும் சாப்பிட அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். யாரும் கெஞ்சாமலே மூன்று தோசை சாப்பிடுகிறான். சீரியல் மட்டும் இன்னும் முடியவில்லை. அந்த இசை எங்கே கேட்டாலும் கரையில் ஒருத்தரும் சட்டென்று எழுந்திருக்க மாட்டார்கள். முதலில் எங்கள் வீட்டைப் பார்த்து ஒரு குரல் வரும்: "டீச்சர்! சோறா, சீரியலா?"

நான் வாசலுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு நாள் "சீரியல்தான், சீரியல்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் நம்பவில்லை, எழுந்து போகவும் இல்லை. கதாநாயகியின் இரண்டாவது கல்யாணம் அன்றைக்குத்தான் நடந்து முடிந்ததாம். அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.