ரேடியோ பற்றிய புகாரை வாபஸ் வாங்குகிறேன்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தம்பி நலம், பெரியவளும் சின்னவனும் நலம், உங்கள் அம்மா எங்கள் எல்லாரையும்விட நலம். நான் மட்டும் நான்கு நாட்களாக நலமில்லை. அதற்குக் காரணம் நீங்களும் இல்லை, வேறு யாரும் இல்லை, நானேதான். அங்கே வீட்டில் அனைவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது; நான் 'ஹலோ' என்றால் உங்கள் வீட்டில் ஐந்து பேர் 'ஹலோ' என்கிறார்கள். போனில் எழுதி அனுப்பினாலோ உங்கள் மகன் அதை உரக்கப் படித்துக் காட்டுகிறான். இந்தப் பக்கம் அத்தைக்குக் காது பாம்புக் காது. நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தால்கூட அந்தக் கடைசி அறையிலிருந்து பதில் வரும். ஆகவே எல்லாரும் படுத்த பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய டிக்கெட் படம் வந்தது. 'அம்மாவுக்குப் பதினாறாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், மற்றது நேரில்' என்று ஒரே வரி. அந்த 'மற்றது நேரில்' என்பதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன். பதினைந்து நாளுக்கு முன்னால் நான் எழுதிய அந்தக் கடிதம் உங்கள் மனதை எவ்வளவு புண்படுத்தியிருந்தால், நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவைக் கூட்டிக்கொள்ள முடிவு செய்திருப்பீர்கள்! 'கொஞ்ச காலம் அத்தையை நீங்கள் வைத்துக்கொண்டால் நல்லது' என்று எழுதியவள் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்த நிலைமையில் எழுதியது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வு பெறுகிறவர்கள் ஆபீசிலிருந்து சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு வருவார்கள். முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் நீதிபதிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, வழக்குகளைக் கூப்பிட்டு வாய்தா தேதி எழுதிக்கொடுத்த உங்கள் அம்மா, 'ஒத்திவைக்கப்பட்டது' என்ற தேய்ந்துபோன ரப்பர் முத்திரையைக் கேட்டு வாங்கிவந்தவர். அது இங்கே சும்மா இருக்குமா? எட்டு மாதத்துக்கு முன்னால் எங்களோடு இருக்க வந்த பத்தாம் நாளே சாப்பாட்டு மேசை கோர்ட் ஆகிவிட்டது. நீல வாளியின் பிடியை உடைத்தது யார், ஜன்னல் பக்கம் யார் படுப்பது, கடைசி பிஸ்கட் யாருடையது என்று பிள்ளைகள் இரண்டும் கிரேயானில் மனு எழுதிக் கொண்டுவருகின்றன. எழுதத் தெரியாத சின்னவன் ஒரு வட்டம் போட்டு உள்ளே கோபமாக இரண்டு கண் வைக்கிறான், அதுவும் மனுதான். அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாளி வழக்கு! வாளி வழக்கு! வாளி வழக்கு!" என்று மூன்று முறை கூப்பிட்டு, இரண்டு தரப்பையும் கடைசிவரை கேட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, "வர்ற வியாழக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிடுகிறார். வியாழக்கிழமை வந்தால் அதுகளுக்கு வாளியும் ஞாபகம் இருப்பதில்லை, சண்டையும் ஞாபகம் இருப்பதில்லை.

"ஒரு தீர்ப்பாவது சொல்லக் கூடாதா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லம்மா. தீர்ப்பு வந்த அன்னைக்கு ரெண்டு தரப்பும் சிரிச்சிட்டுப் போய் நான் பாத்ததே இல்ல. வாய்தா வாங்கினவங்கதான் வெளியில ஒண்ணா நின்னு டீ குடிப்பாங்க."

இதெல்லாம் எனக்கு அப்போது ரசிக்கவில்லை. நுண்ணுயிரியலில் முதுகலை முடித்தவள் என்பதால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும், கண்ணெதிரே இருப்பதுதான் தெரியாது என்று உங்கள் தம்பி சொல்வதுண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவனுக்கு இருமல் மருந்து கொடுக்கலாம் என்று வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு நீலமாக இருக்கிறது. நாக்கு நீலம் என்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் போதவில்லை என்றுதானே நான் படித்திருக்கிறேன்? பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். காலில் ஒன்று என் செருப்பு, மற்றது உங்கள் தம்பியுடையது. பின்னாலேயே அத்தை, "இரும்மா, ஒரு நிமிஷம் இரு, நாக்கத் தொடச்சுப் பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எனக்கு எங்கே காதில் விழுந்தது? டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, நாக்குல என்னமோ எழுதியிருக்கே? 'ஒத்தி'ன்னு படிக்க முடியுது."

"டாக்டர்?"

"உங்க வீட்டுல யாராவது ஆபீஸ் நடத்துறாங்களா?"

விஷயம் இதுதான். மருந்து கசக்கும் என்று ஐயா தன் நாக்கில் தானே முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். மருந்துக்கு வாய்தாவாம்! காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் சிரித்தார்கள், காய்ச்சலோடு வந்த ஒரு பெரியவர்கூடச் சிரித்தார், வெளியே நின்ற அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மறுநாள் காலை சின்னவன் என் இடுப்பை விட்டு இறங்காததால் அதைத் தபால் பெட்டியில் போடச் சொல்லி நடக்கக் கிளம்பிய அத்தையிடமே கொடுத்தனுப்பினேன். என் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள் அண்ணி! அவரைப் பற்றிய புகாரை அவர் கையாலேயே அனுப்பியிருக்கிறேன்.

என்னென்ன எழுதினேன் என்று இப்போது முழுதாக நினைவில்லை. பிள்ளைகள் என் பேச்சைக் கேட்பதில்லை என்று எழுதினேன். வாபஸ். அத்தை வருவதற்கு முன்னாலும் கேட்டதில்லை. கீழே விழுந்த பிஸ்கட்டை ஊதிக் கொடுக்கிறார் என்று எழுதினேன். அதுவும் வாபஸ், கிருமி போகட்டும் என்று நான் கொதிக்க வைத்த ரப்பர் வாத்து இன்றுவரை பாத்திரத்தின் அடியிலிருந்து பெயர்ந்து வரவில்லை, அந்தப் பாத்திரத்தை மூன்று நாள் தேய்த்தவர் அத்தை. என் தலைவலி தெரிந்திருந்தும் ரேடியோவை அலறவிடுகிறார், அதுவும் நான் பிள்ளைகளைக் கண்டிக்கிற நேரமாகப் பார்த்து அலறவிடுகிறார், வயதாகிவிட்டதால் காது மந்தமோ என்னவோ, ஒரு காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதினேன். பக்கத்து வீட்டம்மாகூட, "உங்க மாமியாருக்குக் காது கொஞ்சம் கேக்காதோ?" என்று என்னிடம் பரிதாபமாக விசாரித்தார்கள் என்று வேறு சாட்சி சேர்த்திருந்தேன். இந்த ஒரு புகாரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

டிக்கெட் வந்த மறுநாள் பெரியவள் ஒரு மனுவோடு வந்தாள். 'பாட்டி ஊருக்குப் போகக் கூடாது. இப்படிக்குப் பேத்தி, பேரன்.' கீழே கோபக் கண்ணோடு ஒரு வட்டம். அத்தை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என் வழக்கு. இதை நான் கூப்பிட முடியாது. சட்டப்படி தப்பு. உங்க அம்மாவை உக்காரச் சொல்லுங்க."

"எனக்குத் துவைக்கிற வேலை இருக்கு அத்தை."

"நீதிபதி துவைக்கப் போனா நாங்க எங்க போறது? உக்காரும்மா."

உட்கார்ந்தேன். குற்றவாளி நான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் சாட்சி சின்னவன். பாட்டி உனக்கு என்ன செய்வாங்க என்று கேட்டதற்கு, "நான் பாத்ரூம்ல இருக்கும்போது வெளிய நிப்பாங்க" என்றான். அவ்வளவுதானா என்றேன். "இருக்கீங்களா பாட்டின்னா, இருக்கேன் ராஜான்னு சொல்வாங்க" என்றான். சாட்சி முடிந்தது என்று தானே இறங்கிப் போய்விட்டான். அடுத்தது பெரியவள். உங்களுக்குத் தெரியும், அவள் எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை.

"பாட்டி போயிட்டா, நீ கத்தும்போது ரேடியோ யாரும்மா வைப்பாங்க?"

"என்ன ரேடியோ?"

"நீ கத்த ஆரம்பிச்சதும் பாட்டி ஓடிப் போய் ரேடியோவைச் சத்தமா வைப்பாங்கல்ல? நான் ஏன்னு கேட்டேன். உங்கம்மா நல்லவ, களைச்சுப் போய்க் கத்துறா, அது அடுத்த வீட்டுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாங்க."

அத்தை, "ஏய், அது ரகசியம்னு சொன்னேன்ல?" என்று அவள் காதைத் திருகினார்.

கேட்டீர்களா அண்ணி? எட்டு மாதமாக! நான் தொண்டை கிழியக் கத்திய ஒவ்வொரு நாளும் இந்தத் தெருவுக்குக் கேட்டது வானிலை அறிக்கையும் விவசாயச் செய்தியும்தான். பொறுமையில்லாத தாய் என்று எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெயருக்குப் பதிலாக, காது கேட்காத கிழவி என்ற பெயரை அத்தை தான் வாங்கிக்கொண்டிருக்கிறார், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. கிசுகிசுப்பைக் கேட்கிற காது மந்தமாக இருக்குமா என்று, இவ்வளவு படித்த எனக்கு ஒருமுறையாவது தோன்றியதா? மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

"நீதிபதி அழக்கூடாதும்மா" என்றார் அத்தை. "அழுதா வழக்கை வேற கோர்ட்டுக்கு மாத்திடுவாங்க."

அன்றிலிருந்து நான் கத்தவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றுக்கூடக் கத்தினேன். ஆனால் பாதியில் ரேடியோ ஆரம்பித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள், எதற்காகக் கத்தினேன் என்பதே மறந்துவிட்டது.

ஆகவே அண்ணி, உங்கள் தாயாரைப் பற்றி நான் எழுதிய அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தயவுசெய்து டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். உங்கள் கோபம் நியாயமானது. அதை நீங்கள் என்மேல் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம், ஸ்பீக்கரில் போட்டுத் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். அத்தையை மட்டும் அழைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வீட்டில் என்னை நல்லவள் என்று நம்பி, நான் அப்படி ஆகிற வரைக்கும் காத்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் ஆசியும் மன்னிப்பும் ஒரே உறையில் வந்தாலும் போதும்.

என்றும் உங்கள் அன்புக்கு ஏங்கும்,
தம்பி மனைவி.

பி.கு.: காலை ஏழு மணி. மேலே எழுதியது எல்லாம் வீண். இப்போதுதான் அத்தை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, துணிகளுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு நான் கொடுத்த அதே கடிதம். ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது.

"கோவத்துல எழுதின மனுவை நான் அன்னைக்கே பதிவு பண்ண மாட்டேன். பதினஞ்சு நாள் வச்சிருப்பேன். பாதிப் பேரு அவங்களே வந்து திரும்ப வாங்கிட்டுப் போயிடுவாங்க."

"பிரிச்சுப் பாத்தீங்களா அத்தை?"

"அடுத்தவங்க கடுதாசியைப் பிரிக்க எனக்கென்ன பைத்தியமா? ஸ்டாம்பைத் தலைகீழா ஒட்டியிருந்தே. அதுலயே தெரிஞ்சுபோச்சு. இப்ப போடணுமா, வேணாமா?"

ஆக, உங்களுக்கு எந்தப் புகாரும் வரவில்லை, உங்களுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. நீங்கள் வீடு மாற்றுவதால் பாத்திரம் பண்டம் கட்ட அம்மாவைப் பத்து நாளுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நீங்கள் அனுப்பியது இரண்டு படமாம். இரண்டாவது திரும்பி வருகிற டிக்கெட்டாம். நான் முதல் படத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டதால் அடுத்ததைத் தள்ளிப் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரியாத குற்றத்தையெல்லாம் நானே பக்கம் பக்கமாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழித்துவிட்டு 'நலம், அத்தை புறப்படுகிறார்' என்று ஒரு வரி எழுதுவதுதான் புத்திசாலித்தனம். கிழிக்கவும் எடுத்தேன். ஆனால் அத்தையைப் பற்றி இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது, இன்னொரு முறை எழுதவும் வராது. யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

"இது என்ன, இவ்வளவு கனமா இருக்கு?" என்று இந்த உறையையும் கையில் வாங்கிப் பார்த்தார். "இதையும் பதினஞ்சு நாள் வச்சிருக்கவா?"

"இது கோவத்துல எழுதினது இல்ல அத்தை."

"அப்ப குடு. இன்னைக்கே போட்டுடறேன்."

டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம் அண்ணி. இரண்டாவது படத்தில் ரயில் இங்கே வந்து சேருகிற நேரம் மங்கலாக இருக்கிறது, ஆறா எட்டா என்று தெரியவில்லை. தெளிவாக இன்னொரு முறை அனுப்புங்கள். இருபத்தாறாம் தேதி நாங்கள் நாலு பேரும் ஸ்டேஷனுக்கு வருகிறோம்.