பர்னர் அண்ணன் ஒப்படைத்த வயிறு

அரியலூர் வெயிலைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு சூடா?" என்று சிரித்த ஒரே ஜீவன் எங்கள் பர்னர் அண்ணன்தான். மே மாத மத்தியானத்தில் நாய்கூட லாரிக்கு அடியில் படுத்திருக்கும். அண்ணன் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நடப்பார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டெடுக்கும் ராட்சதச் சூளைக்குக் கில்ன் என்று பெயர். அதை ஓட்டுகிறவர் பர்னர். உள்ளே ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரி கொதிக்கும். அண்ணன் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்து டிகிரி எறங்கிருச்சுப்பா" என்பார். அதற்குப் பிறகுதான் மீட்டர் இறங்கும். அவருக்குப் பயந்துதான் இறங்கியதோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் தெர்மாமீட்டர் வைத்திருப்பார். செட்டிகுளத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போன பாயச வாளியை மறித்து, துண்டால் துடைத்த தெர்மாமீட்டரை உள்ளே விட்டார்.

"எம்பது. ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்க, நாக்கு வெந்துரும்!"

மாப்பிள்ளையின் அப்பா உட்பட மொத்தப் பந்தியும் பாயசம் ஆறக் காத்திருந்தது. கவர்மெண்ட் அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள் போல.

அவருடைய இன்னொரு பைத்தியம் ஷிப்ட் நோட்டு. வேலை முடிந்து போகிறவர் 'ஒப்படைத்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அடுத்து வருகிறவர் 'ஏற்றுக்கொண்டவர்' கட்டத்தில் போட வேண்டும். இரண்டாவது கையெழுத்து விழாமல் அண்ணன் நாற்காலியை விட்டு எழ மாட்டார். அவருக்கு அடுத்த ஷிப்ட் நான். லேட்டாக வருவதில் எனக்கு ஈடு நான்தான். ஒருநாள் வேப்பந்தட்டையில் மாமியார் வீட்டு விருந்தில் மெய்மறந்து, பஸ்ஸை விட்டு, மூன்று மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். அன்றைக்கு அவர் மகளுக்குக் காதுகுத்து. அப்பா இல்லாமலேயே குத்தி முடித்துவிட்டார்கள். "ஆளு வராம எப்புடிப்பா எந்திரிக்கிறது?" என்றார், அவ்வளவுதான். அண்ணிதான் இரண்டு வருஷம் எனக்குக் காபி கொடுக்கவில்லை.

ரிட்டயர் ஆன சில வருஷத்தில் அண்ணனுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. "தின்னுட்டு உக்காந்தே கெடந்தா உப்பாம என்ன செய்யும்?" என்று அண்ணி திட்டினார். ஸ்கேன் எடுத்தால், குடல்வாலில் முளைத்த புற்றுநோய் வயிற்றின் உள்சவ்வெல்லாம் பரவியிருந்தது. சென்னையில் ஒரு டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். அண்ணி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுக்குத் தெரியற கட்டியெல்லாம் எடுத்துடுவோம். அப்புறம் கேன்சர் மருந்தைச் சூடு பண்ணி, வயித்துக்குள்ளயே ஒன்றரை மணி நேரம் சுத்த விடுவோம்" என்றார் டாக்டர்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு சூடு, டாக்டர்?"

"நாப்பத்திரெண்டு டிகிரி."

அண்ணன் சிரித்தார் பாருங்கள், அந்த உப்பிய வயிறு மேஜையில் இடித்தது. "நாப்பத்திரெண்டா! இதுக்கா டாக்டர் ஆப்பரேசன்? எங்கூரு பஸ் ஸ்டாண்டுல நின்னாலே கெடைக்குமே!"

டாக்டரும் சிரித்துவிட்டார். "அது தோலுக்கு வெளியங்க. இது உள்ள. ரெண்டு டிகிரி கூடினா குடல் தாங்காது, ரெண்டு டிகிரி குறைஞ்சா மருந்து சரியா வேலை செய்யாது."

அண்ணனின் சிரிப்பு நின்றது. "ரெண்டு டிகிரிக்குள்ள புடிச்சு வெக்கணுமா? நாங்க அம்பது டிகிரி முன்னப் பின்ன ஓட்டுவோமே." முதன்முறையாக அவர் முகத்தில் மரியாதையைப் பார்த்தேன். "அந்த மிசினை யாரு ஓட்டுறா?"

ஓட்டுவது ஒரு சின்ன வயசுப் பெண். ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டுக்கு வந்தவரை அண்ணன் இன்டர்வியூ எடுத்தார்.

"உள்ள போறப்ப எவ்வளவும்மா, வெளிய வர்றப்ப எவ்வளவு?"

"போறது நாப்பத்திமூணு, வர்றது நாப்பத்தொண்ணு சார்."

"கரண்டு போச்சுன்னா?"

"பேட்டரி இருக்கு."

"பம்பு நின்னுபோச்சுன்னா?"

"கையால சுத்துவேன் சார்."

பெண் பாஸ். அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கோடு போட்டு எழுதியிருந்தார்: 'கில்ன்: எனது வயிறு. நிலை: ஓடுகிறது, சத்தம் அதிகம்.' ஒப்படைத்தவர் கட்டத்தில் அவர் கையெழுத்து. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டவர் கட்டத்தில் போட்டார். கீழே இன்னொரு வரி இருந்தது. அதில் ஒப்படைப்பவர் அந்தப் பெண், ஏற்றுக்கொள்பவர் அண்ணன். இரண்டு கட்டமும் காலி.

அண்ணி என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "திருப்பி வாங்கிக்குவாராப்பா?" என்று கேட்டு அழுதார். 

காலையில் உள்ளே போனவரைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து பேசினார். உடம்பெல்லாம் குழாய். முதல் வார்த்தை, "நோட்டு."

அந்தப் பெண் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்த சூட்டையெல்லாம் நோட்டில் எழுதி, தன் கையெழுத்தும் போட்டு, கையோடு கொண்டு வந்து நீட்டினார். அண்ணனின் விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இங்க முப்பத்தொம்பதரை. ஏன்?"

"அது ஆரம்பம் சார். சூடு ஏறிக்கிட்டிருந்த நேரம்."

"ம்... சரிதான்."

"கையெழுத்தப் போட்டுத் தொலைங்களேன்!" என்று அண்ணி கத்தினார். நர்ஸ் ஓடி வந்துவிட்டார். அண்ணன் நிதானமாக, கோழி கிளறியது மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். அண்ணி எனக்கு அன்றைக்கு இரண்டு காபி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அரியலூர் ரோட்டில் பழையபடி முழுக்கைச் சட்டையோடு நடக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அந்த நோட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார். போன வாரம் என்னிடம் நீட்டி, "அடுத்த ஷிப்ட் நீதானப்பா, என்னைக்காச்சும் வந்து எடுத்துக்க" என்று கண்ணடித்தார்.

வருகிறேன் அண்ணே. ஆனால் என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே, ரொம்ப ரொம்ப லேட்டாகத்தான் வருவேன். ஆள் வராமல் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள்.