நானூற்றுப் பன்னிரண்டு பேரின் ஏகாதசி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு வெகுகாலம் பெரிதாக எதையும் கண்டுபிடிக்காமல் சும்மா இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு கடைசியில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஜெயலாபா வார்ப்படத் தொழிற்சாலையின் பொது மேலாளர் துளசிராமன், கேன்டீனை மூடினால் சொர்க்கம் திறக்கும் என்பதைக் கண்டுபிடித்தார்.

இந்த மாபெரும் கண்டுபிடிப்பைக் கேன்டீன் சமையல்காரி ஈஸ்வரிக்கு முதலில் அறிவித்தவர் மனிதவளத் துறை மோனிகா. கையில் சுற்றறிக்கை, முகத்தில் புன்னகை. இரண்டும் அலுவலகம் கொடுத்தவை.

"இனிமே ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி, சங்கடஹர சதுர்த்தி, கிருத்திகை, அமாவாசை, பௌர்ணமி அன்னிக்கெல்லாம் கேன்டீன் லீவு ஈஸ்வரியம்மா. 'தொழிலாளர் ஆன்ம நலத் திட்டம்'. அன்னிக்கு எல்லாரும் விரதம்."

"அன்னிக்கு எங்களுக்கு இன்னா வேலை மேடம்?"

"வேலை இருக்காது. உங்க நாலு பேருக்கும் விரதம்தான்."

"வயித்துக்கா, வேலைக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் மோனிகா. அவரையும் அறியாமல் அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஈஸ்வரி ஆரம்பாக்கத்துக்காரி. கும்மிடிப்பூண்டி சந்தையில் கத்தரிக்காய் விலையைக் கேட்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நாலு அடி நடந்து, வியாபாரி பின்னாலிருந்து கூப்பிட்ட பிறகே திரும்பிப் பார்க்கும் பரம்பரை. எந்தச் சரக்கையும் புரட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். சுற்றறிக்கையையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. பிறர் விரதம் கெடாமல் இருக்க, வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வருவதும் அந்நாட்களில் தடை. தொழிற்பேட்டைக்குள் கடை கிடையாது. வெளியே டீக்கடைக்குப் போய் வருவதற்குள் சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிடும். கடவுள் தப்பிக்க வழியே வைக்காத இடம்.

"அப்போ பர்னஸும் அன்னிக்கு லீவா சார்?" என்று அவள் பொது மேலாளரிடமே கேட்டாள்.

துளசிராமன் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "உலையை அணைக்க முடியுமா அம்மா? உள்ளே இருக்கிற இரும்பு கெட்டியாயிடும். மெஷினைப் பட்டினி போட்டா ரிப்பேர்."

"மனுசனைப் போட்டா?"

"மனுஷனுக்கு ஆன்மா இருக்கே!"

இப்படித்தான் இரும்பு உலை இரவு பகலாக எரிய, சோற்று உலை மாதம் ஒன்பது நாள் அணைந்தது. ஒன்பது நாளோடு நின்றிருந்தால் துளசிராமன் சாதாரண மகான். மோனிகா திருவள்ளூர் போய் இரண்டு பஞ்சாங்கம் வாங்கி வந்தார். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஏகாதசி திங்கட்கிழமை என்றிருந்தது. திருக்கணிதத்தில் செவ்வாய் என்றிருந்தது. இது நம் முன்னோர்களே நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டும் தீர்க்காத வழக்கு. துளசிராமன் அரை நிமிடத்தில் தீர்த்தார்.

"தெய்வ காரியத்தில் ரிஸ்க் எடுக்கக் கூடாது. ரெண்டு நாளும் வைங்க."

மாதம் பதினொன்று ஆயிற்று. (பண்டிகை விடுமுறை விஷயத்தில் மட்டும் பஞ்சாங்கங்கள் சண்டை போட்டால், இரண்டுக்கும் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.)

தலைவன் முன்னே நடக்க வேண்டும் அல்லவா? துளசிராமன் ஒரு விரத நாளைக்கூட விட்டதில்லை. அரிசி சேர்க்க மாட்டார். அரிசிதானே கூடாது? பலகாரம் கூடும் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பலகாரத்தைச் செய்ய ஈஸ்வரிக்கு மட்டும் அந்நாட்களில் அழைப்பு வரும். பூட்டிய கேன்டீனின் பின்வாசலைத் திறந்து அவள் ரவா இட்லி, ஜவ்வரிசிக் கிச்சடி, நெய் சொட்டும் கேசரி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, இரண்டு மலை வாழைப்பழம், குங்குமப்பூ போட்ட பாதாம் பால் எல்லாம் தயார் பண்ணி அவர் அறைக்குக் கொண்டுபோவாள்.

"கஷ்டமா இருக்கு ஈஸ்வரி," என்பார் துளசிராமன், இரண்டாவது முறை கேசரி போட்டுக்கொண்டு. "ஆனா பழகணும்."

"ஆமா சார். பார்த்தாலே வயித்த இன்னாமோ பண்ணுது."

இதில் ஒரு சிறு சிக்கல். கேன்டீன் மூடியிருக்கும் நாளில் ஸ்டோரிலிருந்து ரவையும் பாதாமும் எந்தக் கணக்கில் வெளியே வரும்? ஸ்டோரில் மனிதர்களை நம்ப மாட்டார்கள், காகிதத்தை நம்புவார்கள். துளசிராமன் தானே ஒரு 'விரதப் படிவம்' எழுதினார். முதல் வரி: 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் விரதம் இருக்கிறேன்.' இரண்டாவது வரி: 'விரதம் இருப்பவருக்குரிய, பொது மேலாளரால் அங்கீகரிக்கப்பட்ட பலகாரத்தைப் பெற்றுக்கொள்வேன்.' கீழே கையெழுத்து. ஒவ்வொரு விரதத்துக்கும் ஒரு படிவம் ஸ்டோருக்குப் போகும், சாமான் வரும். கொண்டுபோய்க் கொடுப்பவள் ஈஸ்வரி. அந்த இரண்டு வரியும் அவளுக்கு மனப்பாடம்.

தொழிலாளர்களின் ஆன்மாவும் வேகமாக முன்னேறியது. ஐப்பசியில் ஒரு பிரதோஷத்தன்று, உருகிய இரும்பை ஏந்தும் பெரிய வாளியைத் தள்ளிக்கொண்டிருந்த சின்னராசு, அப்படியே சாய்ந்து விழுந்தான். நல்லவேளை, வாளி காலி. பாதுகாப்பு அதிகாரி அன்புராஜ் ஓடிவந்து, முதலில் வாளிக்கு அடிபட்டதா என்று பார்த்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: 'காரணம்: பக்திப் பரவசம்.'

ஈஸ்வரிதான் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள்.

"இன்னா நைனா, காலைல இன்னா சாப்ட்ட?"

"இன்னாத்த சாப்டறது? அஞ்சரைக்கு பஸ்ஸு. நாஷ்டாவ டப்பால எடுத்துக்கினு வந்தேன், கேட்டுல புடுங்கிக்கினாங்க. பேஜாரா போச்சுக்கா."

பக்கத்தில் நின்ற இன்னொரு தொழிலாளி எபினேசர் குரலைத் தாழ்த்தினான். "மெதுவாப் பேசுங்க. எங்களுக்கு ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் தவக்காலம் இருக்குன்னு இன்னும் அந்த மேடத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா அதையும் எழுதிக்குவாங்க."

மார்கழி பிறந்தது. திட்டத்தின் உச்சகட்டமும் வந்தது. மோனிகா அறிவித்தார்: வைகுண்ட ஏகாதசியன்று சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் நந்தினி நேரில் வருகிறார். ஏதோ ஆரோக்கிய விருதுக்குத் தொழிற்சாலையின் பெயர் போகிறது. தொழிலாளர்கள் அனைவரும் 'தாமாகவே' விரதம் இருப்பதை அவர் கண்ணால் கண்டுவிட்டால், தை முதல் தேதியிலிருந்து கேன்டீன் நிரந்தரமாகத் தியான மண்டபம். மீதிப் பத்தொன்பது நாளுக்கும் பாயும் ஊதுவத்தியும்.

ஈஸ்வரி கேன்டீனில் தன்னோடு வேலை செய்பவர்களை எண்ணிப் பார்த்தாள். அவளை நம்பி மூன்று பெண்கள். அவர்களை நம்பி நானூற்றுப் பன்னிரண்டு வயிறுகள்.

'தாமாகவே' என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே? புதிதாக ஒரு படிவம் எழுதுவது மோனிகாவுக்குச் சிரமம். ஏற்கெனவே ஒன்று இருந்தது, அதுவும் பொது மேலாளரே எழுதியது. நானூற்றுப் பன்னிரண்டு நகல் எடுத்தார். தொழிலாளர்கள் அதை விரல் நுனியால்கூடத் தொடவில்லை. துளசிராமன் ஈஸ்வரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"சோறு போட்ட கை உன்னோடது. நீ சொன்னா கேப்பாங்க. நாளைக்குள்ள எல்லார் கையெழுத்தும் வேணும்."

ஈஸ்வரி படிவக் கட்டைப் பார்த்தாள். மேலே இருந்த படிவத்தைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விலை படிந்துவிட்டது என்று தெரிந்ததும் சந்தையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டும். அது பாலபாடம்.

"கஷ்டம் சார். முரட்டுப் பசங்க. உங்களுக்கோசரம் பேசிப் பாக்கறேன்."

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவள் படிவத்தை நீட்டியதும் சின்னராசு எகிறினான்.

"இன்னாக்கா! நீயே எங்க சோத்துல மண்ணப் போடுறியே? உனக்கு இன்னா டப்பு குடுத்தாங்க?"

"கத்தாத. கையெழுத்தப் போடு."

"ஒரு தபா வுழுந்தது போதாதா?"

"நீ வுழுந்தது முதல் வரியால. ரெண்டாவது வரியப் படி, எழுந்துப்ப."

சின்னராசு படித்தான். இன்னொரு முறை படித்தான். "அங்கீகரிக்கப்பட்ட பலகாரம்னா... நீ அவரு ரூமுக்கு எடுத்துக்கினு போவியே, அதா?"

"அதேதான். ஒரு அயிட்டம் கொறைஞ்சாலும் விரதம் சேராது."

அவன் பேனாவைப் பிடுங்கினான். எபினேசர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தவக்காலத்துக்கும் இதே படிவந்தானா, கேட்டு வை," என்றான். அன்று மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. துளசிராமனுக்குக் கண் கலங்கியது. தேசத்தில் இன்னும் பக்தி சாகவில்லை என்றார்.

ஈஸ்வரி படிவக் கட்டை வழக்கம்போல நேராக ஸ்டோருக்குக் கொண்டுபோனாள். அங்கே கேள்வி கிடையாது. படிவத்தை எண்ணினார்கள், தலைக்கு இவ்வளவு என்று பெருக்கினார்கள், இருப்பு போதாது என்று கும்மிடிப்பூண்டிக்கு வேன் அனுப்பினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி ரவை மூட்டைகளையும் நெய் டின்களையும் பார்த்து மலைத்துப் போனார்.

"கல்யாணமாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. விரதம்."

வைகுண்ட ஏகாதசி அன்று மத்தியானம் இயக்குநர் நந்தினி பட்டுப் புடவையில், ஒரு புகைப்படக்காரருடன் வந்து இறங்கினார். வெறிச்சோடிய கேன்டீன் கூடத்தில் கண்மூடி அமர்ந்திருக்கும் தொழிலாளர்களைக் காட்டுவதாகத் துளசிராமன் வழியெல்லாம் விவரித்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தார். நெய் வாசனை மூக்கில் அறைந்தது. வரிசை வரிசையாகத் தட்டுகள். கண்மூடியவர்கள் இருக்கத்தான் செய்தார்கள், கேசரி வாயில் கரையும்போது.

"ஈஸ்வரி! என்ன இது?"

"ஏகாதசி சார்."

"விரதம் எங்கே?"

"தட்டுல சார்."

"இது விருந்து!"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார், தெய்வ குத்தம். நீங்க இருக்கற விரதந்தான் இது. ஒண்ணு கூட்டல, ஒண்ணு கொறைக்கல. பாதாம் பாலுக்கு மட்டும் அத்தினி பேருக்குக் குங்குமப்பூ கெடைக்கல. அது ஒரு கொறைதான். மன்னிச்சுக்குங்க."

வாங்க வந்தவன், கடைக்காரரின் சொந்த எடைக்கல்லாலேயே கடைக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தால் அவர் என்ன சொல்ல முடியும்? 'இது விருந்து' என்றால், மாதம் பதினொரு நாள் அவர் விருந்து தின்றிருக்கிறார். 'இது விரதம்' என்றால், இனி மாதம் பதினொரு நாள் இதேதான். துளசிராமன் வாயைத் திறந்தார். அவருடைய ஆன்ம வாழ்க்கையில் முதல் தடவையாக, அதற்குள் எதுவும் போகவில்லை, அதிலிருந்து எதுவும் வரவும் இல்லை.

நந்தினி மோனிகாவின் கையிலிருந்து ஒரு படிவத்தை வாங்கிப் படித்தார். "இதை எழுதினது யாரு?"

"ஜி.எம். சார் மேடம்," என்றார் மோனிகா. "நான் காப்பிதான் எடுத்தேன்."

இயக்குநர் ஒரு கரண்டி கேசரி வாங்கி வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. "மாசத்துக்கு எத்தனை நாள் விரதம்?"

"ரெண்டு பஞ்சாங்கமும் சேர்த்துப் பதினொண்ணு மேடம்," என்றார் மோனிகா.

"பதினொரு நாளும் இதே மெனுவா?"

"படிவப்படி... ஆமா மேடம்."

கரண்டி மெதுவாகத் தட்டுக்குத் திரும்பியது. "நாளையிலிருந்து சோறு போடுங்க," என்றார் நந்தினி. "தினமும். எல்லா திதியிலும்."

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'தொழிலாளர்கள் விரதம் ஏற்கும் ஆன்மப் பக்குவத்தை இன்னும் அடையாத காரணத்தால், ஆன்ம நலத் திட்டம் ஆழ்ந்த வருத்தத்துடன் நிறுத்தி வைக்கப்படுகிறது.' அதற்குள் ஈஸ்வரி பெரிய குண்டானில் அரிசி போட்டிருந்தாள். மூன்று பெண்களும் புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல காரியம் வீண்போகாது என்பதற்கு இன்னொரு அத்தாட்சியும் உண்டு. புகைப்படக்காரர் அன்று எடுத்த படங்களில் நானூற்றுப் பன்னிரண்டு முகமும் அப்படிப் பிரகாசித்தன. விரத நாளில் இவ்வளவு மலர்ந்த முகங்களைத் தேர்வுக் குழு இதுவரை கண்டதில்லையாம். மாசியில் விருது வந்துவிட்டது. துளசிராமன் மாலை போட்டுக்கொண்டு, பித்தளைப் பலகையைக் கேன்டீன் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்து இங்கிலீஷில் இருந்தது.

"இன்னா மேடம் போட்டுக்கீது?" என்று கேட்டாள் ஈஸ்வரி.

மோனிகா பெருமையாக மொழிபெயர்த்தார். "'பசியை வென்ற நிறுவனம்'."

ஈஸ்வரி கரண்டியோடு பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"பசிய எங்க மேடம் ஜெயிச்சாங்க? பசிச்சவனையில்ல ஜெயிச்சுக்கினு இருந்தாங்க!"