மூன்று ஃபிரேமும் ஓர் இடுப்பும்

அறுபத்து மூன்று வயதில் ரேஸ் சைக்கிள் வாங்குவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பது சுலபம். அதை மனைவியிடம் சொல்லத்தான் பதினொரு நாள் ஆயிற்று.

"இடுப்பு வலிக்குச் சைக்கிள் நல்லதாம்," என்றேன், பன்னிரண்டாம் நாள்.

"யாரு சொன்னா?"

"பொதுவா சொல்றாங்க."

"அந்த வளைஞ்ச கைப்பிடி வண்டியா? அலுமினியமா? ரோட்டுல இருக்கிற குழியையெல்லாம் அப்படியே முதுகுக்கு அனுப்புமே அது! என் தம்பி ஒரு நாள் ஓட்டிட்டு ரெண்டு நாள் கவுந்து படுத்திருந்தான்."

"எல்லா அலுமினியமும் அப்படி இல்ல."

"இல்லன்னு காட்டுங்க. இடுப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சா பேசலாம்."

'பேசலாம்' என்றால் 'சரி' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இந்தத் தப்பைச் செய்வது எத்தனையாவது முறை என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

கடையில் மூன்று அலுமினிய ஃபிரேம்கள் பாதி விலையில் தொங்கின. போன வருட நிறமாம். பிடித்ததைச் சொன்னால் சக்கரம் பூட்டித் தருவார்கள். சனிக்கிழமையோடு தள்ளுபடி முடிகிறது.

"மூணுமே நல்லா ஓடும் பெரியவரே," என்றார் கடைக்காரர்.

எனக்கு 'நல்லா' போதாது. எவ்வளவு நல்லா என்று தெரிய வேண்டும். ஒரே சக்கரம், ஒரே சீட், டயரில் ஒரே அளவு காற்று. மூன்று ஃபிரேமிலும் அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டச் சொன்னேன். அவரும் பூட்டினார். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்க்காமல் பூட்டினார்.

கடையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் எட்டு தடவை. நான் கூச்ச சுபாவி. நாளுக்கு ஒரு ஃபிரேமாக மூன்று நாள், ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துத்தான் ஏறினேன். உடம்பைத் தூக்கிப் போட்டதை வாய்விட்டு எண்ணி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். கூட்டி வகுத்ததில் முதல் ஃபிரேமுக்கு நாற்பத்தொன்று. பற்களெல்லாம் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. இரண்டாவதற்கு முப்பத்து மூன்று. மூன்றாவது, அடடா, பத்தொன்பது! குழி அதே குழிதான். குலுக்கல் மட்டும் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியின் முன் நோட்டை விரித்தேன்.

"மூணாம் நம்பர்தான். ஒரு தடவைகூட இடுப்பு வலிக்கல."

"குனிஞ்சுதானே ஓட்டணும்?"

"நல்லாவே குனியணும். ஒரு தடவை குனிஞ்சா இருபத்திரண்டு நிமிஷம்."

"நிமிரும்போது பிடிச்சுக்கலியா?"

"துளிகூட இல்ல."

"வண்டியைத் தூக்கறது?"

"கடை வாசல்ல அஞ்சு படி. ஒத்தத் தோள்ல வச்சு ஏறிட்டேன்!"

"குலுக்கற ஃபிரேம்ல?"

"அதுலகூடப் பல்லுதான் ஆடுச்சு. இடுப்பு அசையல. கல்லு மாதிரி இருக்கு!"

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"ரொம்ப சந்தோஷம். அப்ப உங்களுக்கு இடுப்பு வலியே இல்ல."

"இல்லவே இல்ல!"

"இல்லாத வலிக்கு எதுக்குங்க சைக்கிள்?"

நோட்டை என் பக்கம் இழுத்தேன். அவள் விடவில்லை. இப்படி இரண்டு தடவை.

"அந்த பீரோவை எதிர்ச் சுவத்துப் பக்கம் தள்ளுங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். இடுப்பு, இடுப்புன்னீங்க. காலையில தள்ளிடுங்க. குனிஞ்சு தள்ளினா போதும். ஒத்தத் தோள்லயெல்லாம் தூக்க வேண்டாம்."

சனிக்கிழமை காலை குனிந்தேன். பீரோவை முடித்துக் கொடுத்தால் மனசு இளகி, கடை மூடுவதற்குள் அனுப்பிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. ஒரு தள்ளுக்கு நாலு விரல் அகலம் நகர்ந்தது. பதினேழாவது தள்ளில் தெருவில் மணிச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். மாடி வீட்டுத் தையல்காரர், மூன்றாம் நம்பர் ஃபிரேமின் மேல் மிதந்து வந்துகொண்டிருந்தார்.

"சார், உங்க நோட்டு பிரமாதம்! காலையில கடை திறந்ததும் மூணாம் நம்பர்னு சொல்லி எடுத்துட்டேன்!"

நான் மெல்ல மனைவி பக்கம் திரும்பினேன்.

"நோட்டை நீயா குடுத்தே?"

"ஆமாங்க," என்றாள், பீரோவின் தூசியைத் துடைத்தபடி. "பாவம், அவருக்கு நிஜமாவே இடுப்பு வலி."