இருபது ஈட்டிக்காரர்களை வைத்திருக்கும் ராஜா

பருத்திப்பட்டு,
16.6.1994

சிரஞ்சீவி மைத்துனன் கோதண்டத்துக்கு மாமா சண்முகசுந்தரம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா பத்மாவும் சௌக்கியம். குழாய்தான் சௌக்கியமில்லை. திருவேற்காட்டில் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க அம்மன் துணை.

நீ வாங்கிக் கொடுத்த டி.வி. வீடியோ கேமால் எனக்கு வீடே போகப் போகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கேசட்டில் ஒரு ராஜா வருகிறான். அரக்கன் ஊரை அழிக்கிறான், உன்னை விட்டால் எங்களுக்கு நாதியில்லை வீரனே என்று உருகிப் பேசி, ஆடுகிற நம் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து அனுப்புகிறான். அவன் பின்னாலேயே இருபது பேர் ஈட்டியோடு நிற்கிறார்கள், ஒருத்தனாவது கூட வர வேண்டாமா? அடிபட்டுத் திரும்பி வந்தாலும் அந்த ஆள் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறான். இருபத்தெட்டு வருஷம் லேத்தில் நின்றவன் நான், இந்த மாதிரி சூபர்வைசர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

இங்கே பத்து போர்ஷனுக்கும் சேர்த்து தினம் அரைமணி நேரம்தான் மோட்டார். போன ஞாயிறு மூணாம் போர்ஷன் பக்தவத்சலம் எல்லாரையும் கூட்டி, அநியாயத்தைத் தட்டிக் கேட்க வேண்டும் என்று முழங்கினார். கடைசியில் என் தோளில் கை வைத்து, "உன்ன உட்டா நமக்கு யாரு கீறாங்க அண்ணாத்தே" என்றார். அப்போதே எனக்கு அந்த மரக்கட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பனியனோடு நேரே வீட்டுக்காரர் வேம்புலியிடம் போய், மேசையைத் தட்டி, ரெண்டு வேளை தண்ணீர் விடச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஈ காக்கை இல்லை. வேம்புலி பக்தவத்சலத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். "நான் அப்பவே வேணான்னேன், இந்தாளுதான் கேக்கல" என்று கூசாமல் சொல்கிறார் அந்த மனிதர். நீதான்யா அந்த ராஜா என்று காம்பவுண்டே அதிரக் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை.

வர்ற ஞாயிறு எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார் வேம்புலி. கேட்க மாட்டேன். உன் அக்கா ரெண்டு நாளாகப் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைக்கிறாள். வைக்கட்டும். அடுத்தவனை முன்னால் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆட்களுக்காக இந்தத் தலை குனியாது. சட்டி பானையோடு பட்டாபிராம் ஸ்டேஷனில் படுத்தாலும் படுப்பேன். பேச ஒருத்தன், அடி வாங்க ஒருத்தன் என்கிற அக்கிரமம் கேசட்டிலும் கூடாது, காம்பவுண்டிலும் கூடாது.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
யாருக்கும் தலைகுனியாத மாமா,
சண்முகசுந்தரம்

பி.கு.: ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நீ வந்து வேம்புலியிடம் பேசிவிடு. நானே போவேன், மூட்டு வலி. நம் குடும்பத்தில் உன்னை விட்டால் தைரியசாலி யார் இருக்கிறார்கள்? நான் உள்ளே கதவோரமாகத்தான் நிற்பேன். கடிதம் கொண்டுவரும் துலுக்கானத்திடம் என் குடையைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள். மரப்பிடி, கெட்டியானது.